நான் அடையாளத்துக்கு வைத்த வரி

என் கணினிக்கும் எனக்கும் ஒரே பழக்கம். எங்கே விட்டோம் என்பதை மறந்துவிட்டு எப்போதும் முதல் பக்கத்திலிருந்தே தொடங்குவோம்.

எங்கள் தோட்டப் பாடசாலைக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். அந்தப் பள்ளியில் நான் படித்தேன், படிப்பித்தேன், அதிபராக இருந்து ஓய்வும் பெற்றேன். ஆகவே வரலாற்றை எழுதும் வேலையைப் பழைய மாணவர்கள் என் தலையில் கட்டிவிட்டார்கள். "இருபது பக்கம் போதும் சேர்" என்றார்கள். பள்ளியை எழுதப் புகுந்தால் தோட்டம் வந்தது, தோட்டத்தை எழுதப் புகுந்தால் ரப்பர் வந்தது, ரப்பர் வந்தால் மழை வராமல் இருக்குமா? எண்பத்தாறு பக்கம் ஆகிவிட்டது.

எழுதுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் உயிர் போனது. காலையில் கோப்பைத் திறப்பேன். முதல் பக்கம் வந்து நிற்கும். அதில் ஒரு காற்புள்ளி உறுத்தும். அதை எடுப்பேன். எடுத்ததும் அடுத்த வாக்கியம் நொண்டும். அதைச் சரிசெய்வேன். சாப்பாட்டு நேரம் வந்துவிடும். இப்படியே இரண்டு மாதம். முதல் பக்கம் கண்ணாடி மாதிரி மின்னியது. எழுபதாம் பக்கத்துக்குப் பிறகு களை பிடுங்காத மலைபோல் கிடந்தது.

அந்தக் கணினி வலது ஓரத்தில் ஒரு சின்னக் கொடியைக் காட்டி, விட்ட இடத்துக்குக் கூட்டிப்போகட்டுமா என்று ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்கத்தான் செய்யும். நான் கண்ணாடியைத் தேடி மூக்கில் வைப்பதற்குள் கொடி மறைந்துவிடும். மூன்று நட்சத்திரம் போட்டு வைக்கலாம் என்று பார்த்தேன். போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். மூன்று நட்சத்திரமும் சேர்ந்து பக்கத்தின் குறுக்கே புள்ளி புள்ளியாக ஒரு கோடாக மாறின. அந்தக் கோட்டை அழிக்க ஒரு பகல் போயிற்று. பிறகு 'இங்கே' என்று எழுதி வைத்தேன். மறுநாள் 'இங்கே' என்று தேடினால், பக்கத்துக்கு ஒரு 'இங்கே' இருந்தது. இங்கே ஒரு கோயில் இருந்தது, இங்கே ஒரு தொரை இருந்தார், இங்கே ஒரு பாலம் உடைந்தது. என் நடையைப் பற்றி எனக்கே வெட்கமாகப் போயிற்று.

என் மனைவி முப்பது வருடம் பால் வெட்டியவர். ரப்பர்ப் பாலைத்தான் சொல்கிறேன். என் பாட்டைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு.

"மரத்துகிட்ட போனா நேத்து வெட்டுன கோடு அங்கனயே இருக்கும். அதுக்குக் கீழ வெட்டுவோம். மரத்துக்கு இருக்க புத்தி ஒங்க மெஷினுக்கு இல்லையா?"

தெரணியகலை டவுனில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் முஸ்லிம் தம்பியிடம் போய் முறையிட்டேன். போட்டோ கொப்பி, தட்டச்சு, அடையாள அட்டைக்கு லெமினேட், எல்லாம் அவர்தான். ஏதோ இரண்டு விசையைச் சேர்த்து அமுக்கினால் விட்ட இடத்துக்குப் போகும் என்றார். என் கணினியில் அந்த விசை இருந்த இடத்தில் ஒரு பள்ளம்தான் இருக்கிறது. என் மகள் அதைக் கொடுத்தபோதே அப்படித்தான் இருந்தது.

"அப்ப இப்பிடி செய்யுங்கொ சேர். வேறெங்கயும் வராத ஒரு வசனத்தப் போடுங்கொ. நீங்க கனவிலயும் எழுத மாட்டீங்கொ, அப்பிடி ஒண்டு. பொறகு அதத் தேடினா நேராப் போய் அங்க நிக்கும்."

நான் கனவிலும் எழுத மாட்டாத வாக்கியம் எது? பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். யோசிக்க வேண்டியே இருக்கவில்லை. முதல் வளைவில் பஸ் குலுங்கியபோதே அது வந்து உட்கார்ந்துவிட்டது.

'டைம்பீஸ் முள்ளைத் திருகியது நான்தான்.'

இதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை. சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இருபத்து மூன்று வயது. ஆசிரியர் கலாசாலையில் இருந்து லீவில் வந்திருந்தேன். இப்போது என் மனைவியாக இருப்பவர் அப்போது தோட்டத்தில் எங்கள் டிவிஷனில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் மரத்தில் வெட்டுப் போட்டுவிட்டால், பால் சொட்டுச் சொட்டாகச் சிரட்டையில் விழும். பதினொரு மணிக்கு பால் ஸ்டோரில் மணி அடிப்பார்கள். மணி என்றால் மரத்தில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. அது கேட்டதும் எல்லாரும் வாளியோடு போய்ப் பாலைச் சேர்த்துக்கொண்டு ஸ்டோருக்கு வருவார்கள். அப்போது மட்டும்தான் நான் அவரைப் பார்க்க முடியும். ஆனால் லீவு முடிந்து நான் திரும்பவேண்டிய நாளில், அவிசாவளை பஸ்ஸும் அதே பதினொரு மணிக்கு.

மணி அடிக்கும் வேலை அவருடைய அண்ணனுக்கு. அதாவது என் மச்சான். ஸ்டோர்ச் சுவரில் ஒரு பெட்டியில் டைம்பீஸ் இருக்கும். மச்சான் அதைப் பார்த்து அடிப்பார். அன்று அவர் வாளி கழுவ ஓடைக்குப் போன நேரம், நான் உள்ளே நுழைந்து டைம்பீஸின் பின்பக்கத் திருகை முன்னால் திருப்பினேன். மச்சான் வந்தார், பார்த்தார், பதறினார், ஓடிப்போய் மணியை அடித்தார்.

மலை முழுக்க மணிச் சத்தம். சிரட்டையில் பால் பாதிகூட விழவில்லை. ஏசிக்கொண்டே எல்லாரும் இறங்கினார்கள். நான் எதிர்பார்த்தவருடைய மரங்கள் கடைசி மேட்டில் இருந்தன. அவர் கடைசியாக வந்தார், வாளியைக் கவிழ்த்தார், அண்ணனை முறைத்தார், போனார். என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு வாளி கவிழ்கிற நேரம்! அதற்காகத்தான் அத்தனையும்.

சந்தடியில் நான் முள்ளைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தேன். அப்போதுதான் தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டக்டர் ஐயா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், டைம்பீஸைப் பார்த்தார். இரண்டும் ஒன்றையே சொல்லின. மச்சான் டைம்பீஸையே வெறித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

மச்சானை மணியிலிருந்து எடுத்துக் கான் வெட்டப் போட்டார்கள். மழைத் தண்ணீர் ஓடும் கானை, மண்வெட்டியோடு, மலை மலையாக. அவருக்கு 'அவசரம்' என்று பேர் விழுந்தது. கீழ்க் கிராமத்துச் சிங்களவர்கள் அதையே தங்கள் பாஷையில் 'ஹதிசி' என்றார்கள். கல்யாண வீட்டுப் பத்திரிகையில்கூட யாரோ 'அவசரம் அண்ணன்' என்று எழுதியிருந்தார்கள். பேர் பரவாயில்லை. ஆனால் மச்சான் தன் கண்ணையே நம்பாமல் போனார். அன்றிலிருந்து இன்றுவரை இரண்டு கையிலும் ஒவ்வொரு கடிகாரம் கட்டுகிறார். யாராவது மணி கேட்டால் இடது கையைப் பார்ப்பார், வலது கையைப் பார்ப்பார், இரண்டும் ஒத்துப்போனால்தான் வாய் திறப்பார். எங்கள் ஊரே அதைப் பார்த்துச் சிரிக்கும். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அவருடைய தங்கையைக் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டில் குடியிருந்துகொண்டு, ஐம்பது வருடத்துக்குமேல் சிரித்திருக்கிறேன்.

இந்த வாக்கியம்தான் என் அடையாளம் ஆயிற்று. எவ்வளவு அருமையாக வேலை செய்தது தெரியுமா! தேடல் பெட்டியில் போட்டு ஒரு தட்டு தட்டினால், எழுபது பக்கத்தைத் தாண்டிப் பாய்ந்து, விட்ட இடத்தில் போய் நிற்கும். அங்கே அந்த வரி மஞ்சளாக மின்னும். அதை அழித்துவிட்டுத் தொடருவேன். எழுந்திருக்கும்போது மறுபடி தட்டுவேன். தினமும் குற்றத்தை ஒப்புக்கொள்வேன், மறுநாள் காலையில் ஒரே விசையில் அது இல்லாமல் போகும். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. வாய்விட்டுச் சிரித்தபடி தட்டினேன். "என்னா, மெஷினு கிச்சுகிச்சு மூட்டுதா?" என்று மனைவி எட்டிப் பார்ப்பார். பக்கத்தில் மச்சான் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். அவருக்கு முன்னாலேயே தட்டியிருக்கிறேன். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் திரை தெரியாது.

ருசி கண்டுவிட்டேன். விட்ட இடத்துக்கு மட்டுமல்லாமல், பிறகு சரிபார்க்க வேண்டிய இடங்களிலும் அதே வரியைப் போட்டேன். ஒரு ஆண்டு தெரியாவிட்டால் அங்கே ஒன்று. ஒரு படத்துக்கு விளக்கம் இல்லாவிட்டால் அங்கே ஒன்று. எல்லாம் முடிந்ததும் கோப்பை வேறு பெயரில் சேமித்து, ஒவ்வொன்றாகத் தேடி அழித்துச் சுத்தமாக்கினேன். பென் டிரைவில் இரண்டும் கிடந்தன. பழையது, புதியது.

நான் கொடுத்தது பழையது.

அன்று காலை மச்சானும் என்னோடு தெரணியகலைக்கு வந்தார். அவர் இல்லாமல் நான் பஸ் ஏறுவதில்லை. பஸ் நேரம் அவர் தலையில்தான் இருக்கிறது. கடையில் லெமினேட் மெஷினுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தார். கடைத் தம்பி கோப்பைத் திறந்து, பக்கங்களை உருட்டிக்கொண்டே போனார். நின்றார். மறுபடி உருட்டினார்.

"சேர், ஒரு வசனம் திரும்பத் திரும்ப வருதே. கவித மாதிரி வச்சதா?"

 "எந்த வசனம்?" என்றேன், தெரியாதவன் போல.

அவர் கடை முழுவதற்கும் கேட்க வாசித்தார். "டைம்பீஸ் முள்ளைத் திருகியது நான்தான். ஏழு எடத்துல ஈக்கி சேர். இங்க பாருங்கொ, மொத தலமையாசிரியர்ட படத்துக்குக் கீழயும் ஈக்கி. ஓ, இது அவர் சொன்னதா? அந்தக் காலத்துப் பெரியவர் நல்ல வம்புக்காரர் போல!"

ஒரு கணம், ஒரே ஒரு கணம்தான், செத்துப்போன அந்த மனிதரின் தலையில் இதையும் கட்டிவிடலாமா என்று நினைத்தேன். ஆமாம் என்று சொல்ல வாயைக்கூடத் திறந்தேன். இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

மச்சான் முந்திக்கொண்டார். "அவரு செத்தப்ப நான் பொறக்கவே இல்ல. அப்ப இங்க டைம்பீஸு ஏது?" சொல்லிவிட்டு நிறுத்தினார். இடது கையைப் பார்த்தார். வலது கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாப்புள. எந்த டைம்பீஸு?"

"பால் ஸ்டோர்ல இருந்தது மச்சான்."

"எப்ப?"

"நான் லீவு முடிஞ்சு திரும்பிப் போன அன்னைக்கு."

லெமினேட் மெஷின் யாருடைய அடையாள அட்டையையோ மெதுவாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தோம்.

"அம்பது நிமிசம் முன்னால வச்சேன்" என்றேன். முழுதாகச் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது.

"நாப்பத்தெட்டு" என்றார் மச்சான்.

எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டினார். "ஹொரா" என்றார். சிங்களத்தில் திருடன். தமிழில் சொல்லக்கூட அவருக்கு மனம் வரவில்லைபோலும். வெளியே போனார். பஸ் வந்தது, கொண்டக்டர் "நகின்ன, நகின்ன" என்று ஆட்களை ஏற்றினான், மச்சான் ஏறினார், பஸ் போயிற்று. நான் அச்சுப் பிரதியும் எடுக்காமல், மூன்று சக்கர வண்டியில் தனியாக வீட்டுக்கு வந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். அரிவாள்மணையைத் தள்ளிவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். "என்னயப் பாக்கவா? அன்னைக்கா? நான் அன்னைக்கு எண்ணெ வழிஞ்ச மூஞ்சியோட, எங்கண்ணன மனசுக்குள்ள வஞ்சுகிட்டே வந்தேன்!" திடீரென்று சிரிப்பு நின்றது. "எங்கண்ணன் ஒரு வருசம் கான் வெட்டுச்சு. கையி ரெண்டும் கொப்புளமா வரும். நான்தான் மஞ்சப் பத்துப் போட்டேன்." பிறகு எழுந்து சமையலறைக்குப் போனார். அன்று எனக்குத் தேநீர் வரவில்லை.

நான்கு நாள் மச்சான் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. நான் போனேன். மிளகுக்கொடியைக் கட்டிக்கொண்டிருந்தவர், திரும்பாமலே, "இப்ப வேல இருக்கு" என்றார். மறுநாளும் போனேன். அதே கொடியை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருபது அடி தள்ளியிருக்கும் வீடு. அந்த மனிதர் வராவிட்டால் எனக்கு இந்த ஊரில் பேச ஆள் இல்லை. பள்ளியில் ஆயிரம் பிள்ளைகளைப் படிப்பித்தவன், சாயங்காலம் பக்கத்தில் உட்கார ஒருவர் இல்லாமல் இருந்தேன்.

ஐந்தாம் நாள், சரியாகப் பத்து மணிக்கு மச்சான் வந்தார். மூக்குக் கண்ணாடியோடு வந்தார். கதிரையை இழுத்துக் கணினிக்கு முன்னால் போட்டார்.

"அந்த எடத்தக் காட்டுங்க."

திறந்தேன். முதல் பக்கம் வந்தது. வரியைத் தேடல் பெட்டியில் தட்டினேன். ஒன்றும் இல்லை என்று வந்தது. அது புதிய கோப்பு. நான் சுத்தமாக்கியது.

"அழிச்சிட்டீங்க" என்றார்.

"இல்ல மச்சான், மத்த ஃபைல்ல இருக்கு. இது..."

"அழிச்சிட்டீங்க."

 தினமும் அதைத்தானே செய்தேன்?

"சரி. மணியப் பத்தி என்னா எழுதியிருக்கீங்க? அத வாசிங்க."

அந்தத் தண்டவாளத் துண்டுதான் பிற்பாடு எங்கள் பள்ளிக்கூட மணி ஆயிற்று. ஆகையால் வரலாற்றில் அதற்கு ஒரு பத்தி இருந்தது, நாற்பத்தோராம் பக்கத்தில்.  வாசித்தேன்.

"முன்னர் இம்மணி பால் ஸ்டோரில் தொங்கியது. ஒருமுறை மணி அடிப்பவரின் கவனக்குறைவால் அது முன்கூட்டியே ஒலித்து, தோட்டமே குழம்பிய வேடிக்கை இன்றும் பேசப்படுகிறது."

ஏழு இடத்தில் உண்மையை அடையாளத்துக்கு வைத்தவன், அச்சுக்குப் போகவேண்டிய இடத்தில் பொய்யை எழுதி வைத்திருந்தேன். அதுவும் நல்ல தமிழில்.

"கவனக்குறைவு" என்று மச்சான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "நல்ல சொல்லு. படிச்ச ஆளு சொல்லு."

"மன்னிச்சிருங்க மச்சான்" என்றேன். அவர் கையைப் பிடித்தேன். கடிகாரம்தான் அகப்பட்டது.

"விடுங்க, சாவி திரும்பிறப் போவுது" என்று கையை உருவிக்கொண்டார். "டைப் பண்ணுங்க. நான் சொல்றேன்."

அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். கவனக்குறைவு போயிற்று. 'டைம்பீஸ் முள்ளைத் திருகியது நான்தான்' என்பது வந்தது. நாற்பத்தெட்டு நிமிடம் என்பது வந்தது. கான் வெட்டியது வந்தது.

"எதுக்குத் திருகினீங்கன்னு போடுங்க."

சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. "அதெல்லாம் போட வேணாம் அண்ணே! பள்ளிக்கூடப் பொஸ்தகம்!"

"போடணும். பிள்ளைங்க தெரிஞ்சுக்கிறணும்."

"அப்ப எண்ணெ வழிஞ்ச மூஞ்சின்னு போடச் சொல்லுங்க!"

"போடுங்க மாப்புள. எண்ணெ வழிஞ்ச மூஞ்சி."

போட்டேன். மூன்று பேரும் சிரித்தோம். முதலில் மச்சான்தான் தொடங்கினார். தொடங்கிவிட்டு, சிரித்ததை யாரும் பார்க்கவில்லை என்பதுபோல் உடனே வலது கையைப் பார்த்து, "மழ வரும்" என்று எழுந்து போனார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

மணிப் பத்தியைத் தேடி உருட்டுகையில், அடையாள வரியோடு சேர்த்து நான் மிச்சத்தை அழித்துவிட்ட ஒரு வாக்கியம் பாதியில் நிற்பதை மச்சானுக்கு முன்னாலேயே வாசித்திருந்தேன். அதை முடிக்க மறுநாள் கோப்பைத் திறந்தபோது எனக்குப் புதிய சிக்கல். என் வாக்கியம் இப்போது வரலாற்றுக்குள் போய்விட்டது. அதைத் தேடினால் நாற்பத்தோராம் பக்கத்திலேயே போய் நிற்கிறது, அடையாளத்துக்கு உதவாது. வேறொரு வாக்கியம் யோசித்துப் பார்த்தேன். கனவிலும் எழுதமாட்டாத வாக்கியம் என்று என்னிடம் இனி ஒன்றுமில்லை. முதல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு காற்புள்ளி உறுத்தத் தொடங்கியது.

பத்து மணிக்கு மச்சான் வந்தார்.

"எழுவத்திரெண்டாம் பக்கம். கீழருந்து நாலாவது வரி. ஆயினும்னு போட்டு நிப்பாட்டிருந்தீங்க. வாசிச்சீங்களே, நேத்து உருட்டயில."

உருட்டினேன். எழுபத்திரண்டு. கீழிருந்து நான்காவது வரி. 'ஆயினும்' என்று அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நாற்பத்தெட்டு நிமிடத்தை ஐம்பது வருடம் ஞாபகம் வைத்திருந்தவருக்கு இது என்ன பெரிய காரியம்!

அன்றிலிருந்து தினமும் வருகிறார். நான் தட்டுவேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். எழுந்திருக்கும்போது பக்கத்தையும் வரியையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான். மனைவி மூன்று தேநீர் கொண்டுவருவார். ஒருநாள் கேட்டேன்: "இனிமே ஒரு வாட்ச கழட்டலாமே மச்சான், அன்னைக்கு உங்க கண்ணு சரியாத்தானே பாத்துச்சு?"

"பழகிப்போச்சு. ஒண்ணு நேரம் பாக்க. மத்தது ஒங்களுக்காக."

"மன்னிச்சீங்களா?"

"மொதல்ல முடிங்க. அப்புறம் பாப்போம்."

முடித்தால் அவர் வரமாட்டாரோ என்ற பயத்தில் நான் முடிக்கவில்லை. தேயிலை மலையைப் பற்றி ஒரு அத்தியாயம் சேர்த்திருக்கிறேன். நேற்று தொண்ணூற்றொன்றாம் பக்கத்தில், மேலிருந்து ஆறாவது வரியில் நிறுத்தினோம். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனாலும் இன்று காலை பத்து மணிக்கு, எங்கே விட்டோம் என்று அவரிடம்தான் கேட்டேன்.